சுவரும் சித்திரமும்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் பங்கு இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சு நிலவும். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, எவ்வளவு செலவு, படித்து முடித்தால் என்ன வேலை? மருத்துவம், பொறியியல், செவிலியர் பயிற்சி, ஆசிரியப் பயிற்சி என்றால் பெற்றோருக்கு வழி தெரியும். விசாரித்தறியப் பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருப்பார். ஆனால் மகளோ மகனோ, “நான் பத்திரிகைத் துறைக்குப் படிக்க விரும்புகிறேன், அதையும் ஓவியமும் வடிவமைப்பும் கற்பிக்கும் கல்லூரியில் படிக்க விரும்புகிறேன்” என்று சொல்லிவிட்டால், வீட்டில் சற்று நேரம் எவர்க்கும் பேச்சு எழுவதில்லை. எழுதப் போகிறவருக்குத் தூரிகை எதற்கு? செய்தி திரட்டப் போகிறவருக்கு வண்ணக் கலவை எதற்கு? படம் வரைவதும் பத்திரிகை நடத்துவதும் ஒரே கூரையின் கீழ் எவ்வாறு அடங்கும்? இறுதியில், “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

பெற்றோரின் இக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பிள்ளையின் வாழ்வில் திரும்பி வாராத மூன்று நான்கு ஆண்டுகள். கேட்டறிந்து செய்வதே அறிவுடைமை. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் அக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம். விடை காண்பதற்கு ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில், தன்யூப் ஆற்றங்கரையில் அமைந்த உல்ம் என்னும் நகரத்துக்கு வாசகர்களை அழைத்துச் செல்கிறோம். வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் பத்திரிகை எழுத்தையும் ஒரு தனித் துறையாக வைத்துக் கற்பித்த ஊர் அது. அக்கல்லூரியின் வரலாறோ, துண்டுப் பிரசுரத்துக்காக உயிர் கொடுத்த இளைஞரின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறது.

கடிதப் பெட்டியில் வந்த மறையுரை

1941-ஆம் ஆண்டு. ஹிட்லரின் ஆட்சியில் செய்தித்தாள், வானொலி, திரைப்படம் யாவும் அரசின் பிடியில் இருந்தன. அந்நாளில் முன்ஸ்டர் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த கிளெமன்ஸ் ஆகஸ்ட் வான் காலன், ஜூலை 13, ஜூலை 20, ஆகஸ்ட் 3 ஆகிய மூன்று ஞாயிறுகளில் மறையுரைப் பீடத்தில் நின்று அஞ்சாது பேசினார். துறவற இல்லங்களை இரகசியக் காவலர் பறித்துக்கொண்டு துறவியரை வெளியேற்றியதைக் கண்டித்தார். மூன்றாவது மறையுரையில், மனநோயாளரைப் பயனற்றவர் எனக் கருதி அரசு கொன்று வருவதை ஊரறியக் கூறினார். எந்தப் பத்திரிகையும் அதனை வெளியிடும் நிலையில் இல்லை. ஆகவே மக்களே பத்திரிகையாயினர். தட்டச்சு செய்தும் கையால் எழுதியும் படியெடுத்து ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பினர். ஆயர் வான் காலனைத் திருச்சபை 2005-ஆம் ஆண்டில் முத்திப்பேறு பெற்றவர் நிலைக்கு உயர்த்தியது.

அத்தகைய படி ஒன்று உல்ம் நகரில் ஷோல் என்னும் குடும்பத்தாரின் கடிதப் பெட்டியிலும் வந்து விழுந்தது. அவர்கள் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். அவ்வீட்டின் மூத்த மகள் இன்கே, மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மகன் ஹான்ஸ், தங்கை சோஃபி. மறையுரையைப் படித்த ஹான்ஸின் உள்ளம் கிளர்ந்தது. துணிந்து சொல்ல ஒருவராவது வந்தாரே என்று மகிழ்ந்த அவர், படியெடுக்கும் பொறி ஒன்று வேண்டும் என்று கூறியதாக இன்கே பின்னாளில் எழுதிய நூலிலிருந்து அறிகிறோம். சொல்வதற்குச் செய்தி இருந்தால் மட்டும் போதாது. அதைக் கொண்டு சேர்க்கும் சாதனமும் வேண்டும். பத்திரிகைத் தொழிலின் இரு பாதிகளையும் அவ்விளைஞர் அன்றே கண்டுகொண்டார் எனலாம்.

ஆறு துண்டுப் பிரசுரங்கள்

1942-ஆம் ஆண்டு ஜூன், ஜூலைத் திங்கள்களில், மியூனிக் நகரில் ஹான்ஸ் ஷோலும் அவர் நண்பர் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் ‘வெள்ளை ரோஜா’ என்ற பெயரில் நான்கு துண்டுப் பிரசுரங்களை எழுதினர். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு படிகள். தட்டச்சில் நெருக்கமாக அடித்தவை. பெருங்கவிஞர், தத்துவ அறிஞர் ஆகியோரின் மேற்கோள்கள் நிறைந்தவை. படித்தவர்களை நோக்கி எழுதப்பட்டு, அஞ்சலில் அனுப்பப்பட்டன. படித்தபின் படியெடுத்துப் பிறருக்கும் வழங்குமாறு வாசகரை வேண்டிக்கொண்டன.

1943 ஜனவரியில் வெளிவந்த ஐந்தாவது பிரசுரமோ முற்றிலும் வேறு நடையில் அமைந்தது. ஜெர்மானியர் அனைவருக்கும் என்று விளித்துத் தொடங்கியது. எளிய, குறுகிய வாக்கியங்கள். மேற்கோள் சுமை இல்லை. நூறு படிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. இதற்குள் கூட்டத்தில் சோஃபியும், கத்தோலிக்க இளைஞரான வில்லி கிராஃபும், பேராசிரியர் கூர்ட் ஹூபரும் சேர்ந்திருந்தனர். ஐயம் எழாதிருக்கத் தாளையும் உறையையும் அஞ்சல் தலையையும் பல இடங்களில் சிறிது சிறிதாக வாங்கினர். உல்ம் நகரில், லூத்தரன் கோவில் ஒன்றின் ஆர்கன் இசைக்கருவிக்குப் பின்னால் மறைந்திருந்து, பள்ளி மாணவர்கள் பிரசுரங்களை உறையிலிட்டு முகவரி எழுதினர். பிப்ரவரியில், மியூனிக் நகரத்துச் சுவர்களில் இரவு நேரத்தில் தாரினால் ‘விடுதலை’ என்று எழுதப்பட்டது.

பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகக் கட்டடத்தில் ஆறாவது பிரசுரத்தைப் பரப்பும்போது ஹான்ஸும் சோஃபியும் அங்கிருந்த பணியாளர் ஒருவரிடம் பிடிபட்டனர். 22-ஆம் நாள் விசாரணை. அன்று மாலையே தலை துண்டிக்கப்பட்டது. ஹான்ஸுக்கு வயது 24, சோஃபிக்கு 21. அவர்களோடு மடிந்த கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்டுக்கு 23. மூன்று சிறு குழந்தைகளின் தந்தை. அவர் இறப்பதற்குச் சற்று முன் சிறையிலேயே கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். ஹூபரும் ஷ்மோரெலும் அவ்வாண்டு ஜூலையிலும், கிராஃப் அக்டோபரிலும் அதே முடிவை எய்தினர். ஆறாவது பிரசுரத்தின் படி ஒன்று நாட்டின் எல்லை கடந்து இங்கிலாந்தை அடைந்தது. அங்கு மீண்டும் அச்சிடப்பட்டு, விமானங்களிலிருந்து ஜெர்மனியின் மீதே தூவப்பட்டது.

முதற் பிரசுரத்துக்கும் ஐந்தாவதற்கும் இடையே அவ்விளைஞர்கள் கற்ற பாடம் எது? படிப்பவர் யார்? எந்தச் சொல் அவர் உள்ளத்தில் இறங்கும்? எவ்வளவு நீளம் அவர் பொறுப்பார்? எந்த வழியாகச் சென்றால் அவர் கையை அடையும்? இந்நான்கு கேள்விகளை அவர்களுக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை, ஆபத்தே கற்பித்தது. இன்று தொடர்பியல் வகுப்பில் மாணவர் கற்பதும் இவற்றையே.

குன்றின்மேல் ஒரு கல்லூரி

1944 டிசம்பர் 17 அன்று விழுந்த குண்டுகளால் உல்ம் நகரின் நடுப்பகுதி தரைமட்டமாயிற்று. போர் முடிந்தபின், 1946-இல், இன்கே ஷோல் அங்கே பொதுமக்களுக்கான கல்விக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். சொற்பொழிவுகளை அறிவிக்கும் சுவரொட்டிகளை வரைந்து கொடுத்தவர் ஓட்ல் ஐஷர் என்ற கத்தோலிக்க இளைஞர். ஹிட்லர் இளைஞர் படையில் சேர மறுத்த காரணத்தால் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் வாய்ப்பையே இழந்தவர் அவர். 1952-இல் இன்கேயும் அவரும் மணம் புரிந்துகொண்டனர்.

மாண்ட உடன்பிறப்புகளின் நினைவாக முழுநேரக் கல்லூரி ஒன்றை நிறுவ வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பன்னிரண்டு ஆண்டுப் பொய்யாட்சியில் இடிந்தவை வீடுகள் மட்டுமா? சொல்லின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கையும் இடிந்துபோயிற்று. ஆகவே அரசியலறிவு, பத்திரிகை, வானொலி ஆகியவற்றுக்கே முதல் திட்டத்தில் முதன்மை தரப்பட்டிருந்தது. பின்னர், ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கலைஞரும், புகழ்பெற்ற பௌஹவுஸ் பள்ளியின் பழைய மாணவருமான மாக்ஸ் பில் வந்து சேர்ந்தபோது, தராசு வடிவமைப்பின் பக்கம் சாய்ந்தது. அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய் வழியாகப் பத்து இலட்சம் மார்க் கிடைத்தது. 1953 ஆகஸ்டில் பாடம் தொடங்கிற்று. 1955 அக்டோபரில் கூபெர்க் என்னும் குன்றின்மேல் மாக்ஸ் பில் வரைந்த புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அக்குன்றில் உள்ள பழைய கோட்டை, 1933 முதல் 1935 வரை ஹிட்லர் ஆட்சியின் எதிர்ப்பாளரை அடைத்துவைத்த வதைமுகாமாக இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கல்லூரியில் பொருள் வடிவமைப்பு, கட்டடக் கலை, காட்சித் தொடர்பு ஆகிய துறைகளோடு ‘தகவல்’ என்ற பெயரில் மற்றொரு துறையும் இருந்தது. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றுக்கு எழுதுவோரை உருவாக்குவது அதன் நோக்கம். மாக்ஸ் பென்சே என்ற தத்துவப் பேராசிரியர் அதன் தலைவர். தொடக்க ஆண்டுகளில், எத்துறை மாணவராயினும் முதலில் பொதுவான அடிப்படைப் பயிற்சியைப் பெற்றாக வேண்டும். எழுத வந்தவரும் கோடு, வண்ணம், உருவம் ஆகியவற்றின் இயல்பைக் கையால் செய்து பழகினார்.

அங்கே மாணவர் அமர்ந்த இருக்கையே ஒரு பாடம். மாக்ஸ் பில்லும் ஹான்ஸ் கூகெலாட்டும் 1954-இல் உருவாக்கியது அது. மூன்று பலகை, ஒரு குறுக்குத் தடி; அவ்வளவே. நிமிர்த்தி வைத்தால் முக்காலிபோல் உட்காரலாம். புரட்டி வைத்தால் வேறு உயரம். தலைகீழாகத் தடியைப் பிடித்துத் தூக்கினால் புத்தகம் சுமக்கும் கூடை. வீணான ஒரு துண்டு மரம் அதில் இல்லை. நாள்தோறும் அதன்மீது அமர்ந்து எழுதும் ஒருவர், தம் வாக்கியத்தில் வீணான சொல் உண்டா என்று எண்ணிப் பார்க்காமல் இருப்பாரா?

வடிவம் என்பது ஒப்பனையா?

வடிவம் என்றதும் நம்மில் பலர் ஒப்பனை என்று கருதிவிடுகிறோம். பலகாரத்தின் மேல் தூவும் முந்திரிபோல், எழுதி முடித்ததன் மேல் தடவும் வண்ணம் அது என்பது நம் எண்ணம். பத்திரிகையாளரின் பாதுகாவலர் என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1923-ஆம் ஆண்டில் அறிவித்த புனித பிரான்சிஸ் சலேசியாரை நினைவுகூர்வோம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், ஜெனீவா ஏரியின் தென்கரையிலுள்ள ஷாப்லே நாட்டில் அவர் மறையுரை ஆற்றியபோது கேட்க வந்தவர் மிகச் சிலரே. அவர் என்ன செய்தார்? சொல்ல வேண்டியதைத் தனித்தனித் தாள்களில் எழுதிப் படிகளாக்கி, வீட்டுக் கதவுகளின் இடுக்கு வழியே உள்ளே செலுத்தினார். கருத்து மாறவில்லை, அது செல்லும் உருவம் மாறிற்று. கேட்க வராதவர் வீட்டுக்குள்ளும் அது சென்றது. வடிவம் என்பது இதுவே: வாசகரைத் தேடிச் செய்தி நடக்கும் நடை.

எண்களும் இவ்வாறே. 1925-இல் வியன்னா நகரில் சமூக, பொருளியல் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவிய ஓட்டோ நியூராத், எழுத்தறிவு குறைந்த உழைப்பாளரும் புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினார். ஓர் ஊரில் நெல் விளைச்சல் இரு மடங்கானது என்று வைத்துக்கொள்வோம். அதைக் காட்ட ஒரு மூட்டையின் படத்தை இரு மடங்கு உயரமாகவும் இரு மடங்கு அகலமாகவும் வரைந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது நான்கு மடங்காகத் தெரியும். எண் மெய், படம் பொய். நியூராத் வகுத்த விதி எளியது: படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவில் இரண்டு மூட்டைகளை வரை. அவர் குழுவில் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் இருந்தார். அறிஞர் தரும் எண்களுக்கும் ஓவியரின் தூரிகைக்கும் இடையே நின்று, இவற்றில் மக்கள் அறிய வேண்டியது எது, அதை எவ்வாறு அடுக்கினால் பொய் புகாது என்று முடிவு செய்தவர் மாரி ரைடமைஸ்டர் என்ற பெண்மணி. எழுத்தாளர் என்றோ ஓவியர் என்றோ அவரை ஒதுக்க முடியாது. இரண்டையும் அறிந்த இடையாளர். கலைக் கல்லூரியில் தொடர்பியல் பயிலும் பிள்ளை கற்கப்போவது அந்த அம்மையாரின் தொழிலையே.

நல்லெண்ணம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில், முதியோர் எளிதில் படிக்க எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன், வேட்பாளர் பெயர்களை எதிரெதிரான இரு பக்கங்களில் பிரித்து அச்சிட்டனர். துளையிட வேண்டிய இடங்களோ நடுவில் ஒரே வரிசையாக இருந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் ஆல் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலாவதாக இருந்த பேட் புகேனனுக்கு உரியது. கோருக்கென்று எண்ணிப் புகேனனுக்குத் துளையிட்டோர் 2,000-க்கும் மேற்பட்டோர் என்று ஆய்வாளர் பின்னர்க் கணித்தனர். அம்மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் வென்றது 537 வாக்குகளில்! ஒரு தாளை அடுக்கிய விதத்தால் ஒரு வல்லரசின் தலைமையே மாறியிருக்கக்கூடும் என்றால், அதனைக் கற்பிக்கும் படிப்பை விளையாட்டு என்று சொல்வதற்கு உண்டோ?

அழகு பொய்க்கும் துணைபோகும்

இதுவரை ஒரு பக்கத்தைக் கண்டோம். மறுபக்கத்தை மறைத்தால் பெற்றோருக்கு நாம் உண்மை கூறியவர்களாக மாட்டோம்.

வடிவத்தின் ஆற்றலை ஹிட்லரின் ஆட்சியும் நன்கு அறிந்திருந்தது. 1933-இல் ‘மக்கள் வானொலி’ என்று 76 மார்க் விலையில் ஒரு பெட்டியை வெளியிட்டு வீடுதோறும் தன் குரலை ஒலிக்கச் செய்தது. 1934-இல் நடந்த கட்சி மாநாட்டைப் படமாக்கி மறு ஆண்டில் வெளியிட்டது; படப்பிடிப்புக் கலையில் அதன் திறனை இன்றும் மறுப்பார் இல்லை. கொடி, சின்னம், சீருடை, அணிவகுப்பு யாவும் திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டவை. திறமை இருந்தது, உண்மை இல்லை. இலட்சக்கணக்கானோரை மயக்கிய அத்திறமைக்கு எதிரே நின்றது, தட்டச்சில் அடித்த ஒரு மங்கலான தாள்.

இக்காலத்தை நோக்குவோம். நம் கைப்பேசிக்கு நாள்தோறும் வந்து சேரும் ‘நியூஸ் கார்டு’ என்னும் செய்தி அட்டைகளில், பெயர்பெற்ற நாளிதழ்களின், தொலைக்காட்சிகளின் சின்னத்தையும் வண்ணத்தையும் எழுத்துருவையும் அப்படியே எடுத்தாண்டு, சொல்லாததைச் சொன்னதாகவும் நடவாததை நடந்ததாகவும் காட்டும் போலிகள் எத்தனை! அவற்றைச் செய்தவரும் வடிவமைப்பு அறிந்தவரே. வீட்டுப் பெரியோர் அவற்றை நம்பி உறவினர் குழுவுக்கும் அன்பியக் குழுவுக்கும் அனுப்பிவிடுகின்றனர். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. இத்துறையில் உண்மையைத் தேடித் திரட்டிச் சரிபார்க்கும் உழைப்பே சுவர், வடிவம் சித்திரம். சுவரில்லாத சித்திரம் காற்றில் ஆடும் திரை. எவர் இழுத்தாலும் அவர் பக்கம் போகும்.

உல்ம் கல்லூரியின் பிற்கால வரலாறும் இதனையே உணர்த்துகிறது. அங்கே பொருள் வடிவமைப்பும் காட்சித் தொடர்பும் உலகப் புகழ் எய்தின. எழுத்துக்கென்று அமைந்த தகவல் துறையோ சிறியதாகவே இருந்து, 1960-களின் தொடக்கத்தில் திரைப்படத் துறைக்கு வழிவிட்டு மறைந்தது. எந்த நோக்கம் முதல் திட்டத்தில் முதலிடம் பெற்றிருந்ததோ, அதுவே முதலில் சுருங்கியது. உட்பூசலும் பணமுடையும் சேர, மாநில அரசின் நிதியுதவி நின்றதனால் 1968-இல் கல்லூரியே மூடப்பட்டது. எனினும் விதை அழியவில்லை. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு ஓட்ல் ஐஷர் உருவாக்கிய குறிப்படங்கள், எந்த மொழியினரும் பார்த்த அளவில் புரிந்துகொள்ளத் தக்கவை. நாஜிக் கொடியின் சிவப்பை ஒதுக்கி, இளநீலமும் பச்சையும் வெள்ளியும் கொண்டு அந்நகரை அவர் அழகு செய்தார். தம் மனைவியின் தம்பியும் தங்கையும் தலை கொடுத்த நகரம் அது என்பதை அவர் மறந்திருக்க முடியுமா?

நம் நாட்டில்

உல்ம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1958 ஏப்ரலில், சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் நிகழும் மாற்றத்துக்குக் காரணமாய் நிற்பது தகவல் தொடர்பே என்று அதில் எடுத்துரைத்தனர். நம் வீட்டுச் செம்பின் வடிவை வியந்து போற்றினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றிற்று. 1965-இல் உல்ம் கல்லூரியின் ஹான்ஸ் கூகெலாட் அங்கு வந்து பணியாற்றினார். உல்மில் பயின்று திரும்பிய சுதாகர் நட்கர்ணி, பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969-இல் தொடங்கிய வடிவமைப்பு மையத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். அகமதாபாத் கழகத்தை 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்துள்ளது.

சென்னையில், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. காட்சித் தொடர்பு வடிவமைப்பு அங்கே ஒரு பாடப்பிரிவு. கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ‘விஸ்காம்’ என்று மாணவர் செல்லமாக அழைக்கும் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு உண்டு. வெளிநாட்டிலும் இவ்வழக்கம் தொடர்கிறது. இலண்டனில் 1894-இல் அச்சுத் தொழிற்பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம், இன்று கலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாக, ‘இலண்டன் தொடர்பியல் கல்லூரி’ என்ற பெயருடன், புகைப்படம், திரைப்படம், வரைகலை ஆகியவற்றோடு இதழியலையும் கற்பிக்கிறது. அச்சுக் கோக்கும் கையும் செய்தி எழுதும் கையும் பழங்காலந்தொட்டே அண்டை வீட்டுக்காரர் அல்லவா?

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

ஆதலின், பெற்றோரே, “இதெல்லாம் ஒரு படிப்பா?” என்று பிள்ளையைக் கேட்பதை விடுத்து, பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சென்று சில கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, சுவரைப் பற்றிக் கேளுங்கள். செய்தி திரட்ட மாணவரைத் தெருவுக்கும் நீதிமன்றத்துக்கும் ஊராட்சிக் கூட்டத்துக்கும் அனுப்புகிறார்களா? கேட்டதைச் சரிபார்க்கும் முறையும், பத்திரிகைச் சட்டமும், நெறிமுறையும் பாடத்தில் உண்டா? கணிப்பொறியும் ஒளிப்படக் கருவியும் மட்டும் காட்டி, “எங்களிடம் எல்லா வசதியும் உண்டு” என்று சொல்லும் கல்லூரி, சித்திரத்தை மட்டும் விற்கிறது என்று அறிக.

இரண்டாவது, மொழியைப் பற்றிக் கேளுங்கள். தமிழில் பிழையின்றி எழுதக் கற்பிப்பவர் அங்கே இருக்கிறாரா? தன் தாயும் பாட்டியும் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பக்கம் எழுதத் தெரியாதவர், எவ்வளவு அழகாகப் பக்கம் அமைத்தும் பயன் என்ன? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

மூன்றாவது, கையைப் பற்றிக் கேளுங்கள். மூன்றாண்டு முடிவில் மாணவர் கையில் சான்றிதழோடு, தாமே எழுதி, தாமே அமைத்து, மக்கள் படித்த வேலைகள் சிலவேனும் இருக்குமா? இத்துறையில் வேலை தருவோர் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் செய்த வேலையைப் பார்க்கின்றனர். சென்ற ஆண்டு மாணவரின் வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாத கல்லூரி மகிழ்ந்து காட்டும்.

நான்காவது கேள்வி பிள்ளைக்கு உரியது. பத்திரிகைப் பணியில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் சிறிது. வேலை நேரம் ஒழுங்கற்றது. உண்மையை எழுதினால் பகைப்பவர் உண்டு. வடிவமைப்பும் கற்றிருந்தால் புத்தகம், விளம்பரம், மருத்துவமனைக் கையேடு என்று பிழைக்கும் வழிகள் பெருகும், அது நல்லதே. ஆனால் அதே கைத்திறனைப் பொய்க்கு விற்கும் வாய்ப்பும் ஒருநாள் நல்ல விலையோடு வாசலுக்கு வரும். அன்று என்ன செய்வாய் என்று இன்றே கேளுங்கள். விடை உடனே வராவிட்டாலும் பரவாயில்லை; கேள்வி பிள்ளையோடு கல்லூரிக்குச் செல்லட்டும்.

எந்தக் கல்லூரியும் ஒருவருக்குத் துணிவைப் பாடமாக நடத்திவிட முடியாது. ஹான்ஸும் சோஃபியும் அதனைத் தம் வீட்டு உணவு மேசையில் பெற்றனர். ஹிட்லரை வெறுத்துப் பேசியதற்காகச் சிறை சென்றவர் அவர்கள் தந்தை. பிள்ளைகள் கேட்கும்படி வீட்டில் உண்மை பேசப்பட்டது. பின்னர் அது துண்டுப் பிரசுரமாயிற்று. சித்திரம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கல்லூரியில் கிடைப்பர். சுவரின் அடித்தளத்தை மட்டும் நாமே நம் வீட்டில் இட்டு அனுப்ப வேண்டும்.